கிராசியன் ஜெலினா: நடிகர், எழுத்தாளர், ரேடியோக்காரர்... எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கூத்துப்பிரியன்:

எல்லாருக்கும் வணக்கம். கனடாவோட கியூபெக் பக்கம் கிராசியன் ஜெலினான்னு ஒருத்தர் இருந்திருக்கார், 1909ல பொறந்து 1999ல காலமானவர், பிரெஞ்சுல எழுதி பிரெஞ்சுல நடிச்சவர். ஒரு வாரமா இவரைப் பத்தியேதான் தேடிப் படிச்சிட்டிருக்கேன், ஆனா எந்தப் பக்கத்துலேர்ந்து பிடிக்கறதுன்னே தெரியல. இன்சூரன்ஸ் கம்பெனில கணக்கு எழுதிட்டிருந்த ஆளு, 1937ல ரேடியோல ஒரு வாலுப் பையனாப் பேச ஆரம்பிக்கறாரு, அந்தப் பையனை மேடைக்குக் கொண்டு வர்றாரு, அப்புறம் ஒரு முழு நாடகம் எழுதி அதுல தானே நாயகனா நடிக்கறாரு, அதையே சினிமாவா எடுக்கறாரு, டிவிக்கு தொடர் எழுதறாரு, சொந்தமா ஒரு தியேட்டர் நடத்தறாரு, சினிமாவுக்கு நிதி கொடுக்கற அரசாங்க நிறுவனத்துக்குத் தலைவரா உக்கார்றாரு, அதெல்லாம் முடிஞ்சு 76 வயசுல மறுபடி ஒரு நாடகம் எழுதி அதுலயும் தானே நடிக்கறாரு.

நான் ஏன் கேக்கறேன்னா, நானும் நாடகம் எழுதறவன்தான். எங்க குழுவுக்கு எழுதுவேன், ஆள் வரலைன்னா நானே நடிப்பேன், வாரத்துல ஒரு நாள் ஒரு சின்ன வானொலில நிகழ்ச்சி பண்றேன். வீட்டுலயும் சரி வெளியிலயும் சரி, எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணு, "ஏதாவது ஒண்ணுல நில்லுப்பா". பத்து வருஷமா கேட்டு கேட்டு இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதனாலதான் இவர் வாழ்க்கை என்னை இப்படிப் பிடிச்சு இழுக்குது.

ரெண்டு கேள்வி. இவரைத் தெரிஞ்சுக்க எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்? இவர் இப்படி மாறி மாறிப் போனது சிதறிப்போனதா, இல்ல எல்லாத்துக்கும் உள்ள ஒரே நூல் ஓடுதா? படிச்சவங்க, பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய வானொலிப்பெட்டி:

நல்ல கேள்வி. நான் ரேடியோ நாடகம் கேட்டே வளர்ந்தவன், எனக்கு இவரோட ரேடியோ பக்கம்தான் உசிரு, அதனால அங்கேர்ந்தே சொல்றேன், நாடகம் பத்தி வேற யாராவது சொல்லட்டும்.

நீங்க சொன்ன அந்த வாலுப் பையன் பேரு ஃப்ரிதோலன். 1937ல மான்ட்ரியல்ல சி.கே.ஏ.சி. ரேடியோல வந்தான், அது 1922லயே தொடங்கின பிரெஞ்சு ரேடியோ நிலையம். அந்தக் காலத்துல மான்ட்ரியல் பிரெஞ்சு மேடைல என்ன ஓடிச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பிரான்ஸ்லேர்ந்து வந்த நாடகங்க, அதுல பாரீஸ்காரன் மாதிரிப் பேசணும், இன்னொரு பக்கம் சும்மா சிரிச்சுட்டுப் போற பர்லெஸ்க். நடுவுல, தெருவுல பிள்ளைங்க பேசற பிரெஞ்சு, கடைல அம்மாங்க பேரம் பேசற பிரெஞ்சு, அதுக்கு மரியாதையான இடம் மேடைல இல்லவே இல்ல. ரேடியோக்கு டிக்கெட் கிடையாது, நல்ல சட்டை போட்டுட்டுப் போக வேண்டாம், அடுப்படி வரைக்கும் சத்தம் வரும். அந்த வழியாத்தான் ஃப்ரிதோலன் உள்ள நுழையறான், ஏழைத் தெருப் பையன், வாய் ஓயாது, பெரியவங்க மறைக்கறதை எல்லாம் பட்டுனு சொல்லிடுவான்.

அடுத்த வருஷமே, 1938ல, பையன் மேடைக்கு ஏறிட்டான். பாட்டு, குட்டிக் குட்டி நாடகம், தனியா நின்னு பேசறது எல்லாம் கலந்த ஒரு ஷோ, பேரு "ஃப்ரிதோலினோன்", மொனுமான் நாசியொனல் அரங்கத்துல, 1946 வரைக்கும் வருஷா வருஷம் புதுசா எழுதி போட்டிருக்காரு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த உடுப்பு. அரை டவுசர், தலைல தொப்பி, கைல உண்டிவில், மேல மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஹாக்கி டீமோட ஜெர்சி. அந்த ஊர்ல எந்தச் சந்துல திரும்பினாலும் அந்த ஜெர்சி போட்ட பையன் ஒருத்தன் நிப்பான், அதையே மேடைல ஏத்திட்டாரு. ஆரம்பிக்கும்போது இவருக்கு 28 வயசு, முடிக்கும்போது 36, அரை டவுசரோட. ஜனங்க கண்ணுக்குப் பையன்தான் தெரிஞ்சிருக்கான், ஏன்னா குரல் முன்னாடியே ரேடியோ வழியா வீட்டுக்குள்ள வந்து பழகியிருச்சு. ரேடியோல முகம் காட்டாம சம்பாதிச்ச நம்பிக்கையை மேடைல செலவழிச்சாருன்னு நான் நினைக்கறேன்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: சிதறல் இல்லவே இல்ல. இவர் கடைசி வரைக்கும் தன் வாய்க்கு எழுதினவர். நாக்குல உருட்டிப் பார்த்து, அது தெருவுல கேக்கற பேச்சா இருந்தாதான் பேப்பர்ல இறங்கியிருக்கும். ரேடியோ, மேடை, சினிமா எல்லாம் அந்தப் பேச்சு போய்ச் சேர்ற வழிங்க, அவ்வளவுதான்.

மொன்றியல்வாசி:

தம்பி, முதல்ல பேரைச் சரியாச் சொன்னதுக்கு நன்றி. நான் இஞ்ச வந்த புதுசில "ஜெலினாஸ்" எண்டு வாசிச்சு பிரெஞ்சு வகுப்பில ரீச்சர் திருத்தினவ, கடைசி எஸ் எழுத்தில மட்டும்தான் இருக்கும், வாயில வராது. எனக்கு அந்த மனிசனைத் தெரிய வந்ததே அந்த வகுப்பிலதான். பகல் முழுக்க வேலை, பின்னேரம் வகுப்பு, கண்ணெல்லாம் எரியும். ஒரு நாள் ரீச்சர் ஒரு பக்கத்தை போட்டோக்கொப்பி அடிச்சுக் கொண்டு வந்து குடுத்தவ, "தி-கோக்" நாடகத்தில ஒரு துண்டு.

கதை இதுதான். தி-கோக் எண்டிறது ஒரு படைவீரன்ர பட்டப்பேர், சின்னச் சேவல் எண்டு அர்த்தம். தாய் தேப்பன் ஆரெண்டு தெரியாத பிள்ளை, கலியாணம் கட்டாத உறவில பிறந்து அநாதை மடத்தில வளந்தவன். கிறிஸ்மஸ் லீவுக்குப் போக வீடில்லாம நிக்கிறவனை, கூட இருக்கிற படைவீரன் தன்ர கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போறான். அங்க அவன்ர தங்கச்சி மரி-ஆன்ஜை விரும்பிறான். பிறகு யுத்தத்துக்கு கப்பலேறிப் போறான், திரும்பி வரேக்க அவள் வேறை ஒருத்தனைக் கட்டிப்போட்டாள். ரெண்டு பேரும் ஓடிப்போகலாமோ எண்டு கடைசியா ஒருக்கா யோசிக்கினம், ஆனா அந்த நாளைய கியூபெக்கில விவாகரத்து எண்டு கோட்டுக்குப் போக வழியே இல்லை, 1968இல சட்டம் மாறும் வரைக்கும் ஒவ்வொரு விவாகரத்துக்கும் ஒட்டாவா பாராளுமன்றம் முடிவு சொல்ல வேணும். ஓடிப்போனா தங்களுக்குப் பிறக்கிற பிள்ளையும் தன்னைப் போல பேரில்லாத பிள்ளைதான் எண்டு விளங்கினதும் அவன் அவளை விட்டிட்டுப் போறான். வேறை ஒருத்தனும் அவனைத் தோற்கடிக்கேல்லை, தான் பட்ட காயத்தை இன்னொரு பிள்ளைக்குக் குடுக்க மாட்டன் எண்டு அவனே விலகிறான்.

ரீச்சர் தந்த பக்கம் எது எண்டா, அவன் தன்ர கனவைச் சொல்லிற இடம். பெரிய வீடு, காசு, பதவி ஒண்டும் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ட்ராமில போறான், கையில பிள்ளை, பக்கத்தில மனிசி அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அவளின்ர கையில பிள்ளைக்கு மாத்திற துணிப் பை, மாமா வீட்டுக்குப் போகினம். அவ்வளவுதான் அவன் கேக்கிறது. எனக்கு அப்ப இஞ்ச ஒரு சொந்தமும் இல்லை, பஸ்ஸில தனியத்தான் வந்து போவன், குடும்பமா ஏறிற ஆக்களைப் பாத்துக்கொண்டே இருப்பன். அந்தப் பக்கத்தை வாசிச்சு முடிக்க எனக்கு பாதிச் சொல்லு விளங்கேல்லை, ஆனா அழுகை வந்திட்டுது. எனக்கு பிரெஞ்சு மொழி பிடிபட்டது அண்டைக்குத்தான் எண்டு சொல்லுவன்.

இன்னொரு விஷயம். இது திடீரெண்டு வந்த நாடகம் இல்லை. "ஃப்ரிதோலினோன்" கடைசி ரெண்டு வருஷத்திலயும், 1945, 46இல, படைக்குப் போற பெடியன், படையால திரும்பிற பெடியன் எண்டு சின்னச் சின்னத் துண்டு எழுதி நடிச்சவர், அதுதான் வளந்து 1948 மே மாதம் "தி-கோக்" ஆச்சுது. பிரெஞ்சும் இங்கிலீசும் சேத்து 500 தரத்துக்கு மேல மேடையேறினது. முதல் தரம் மரி-ஆன்ஜா நடிச்சவ முரியெல் கில்போ, அதே வருஷம் ஓகஸ்டில கலைஞர்கள் சேந்து தேவாலயத்தின்ர பிடியையும் பழைய கட்டுப்பாட்டையும் எதிர்த்து வெளியிட்ட "ரெஃபுஸ் குளோபால்" அறிக்கையில கையெழுத்து வைச்சவ. ஒரே ஊர், ஒரே வருஷம், ரெண்டு பெரிய அதிர்ச்சி, ரெண்டிலயும் அந்தப் பிள்ளை நிண்டிருக்கிறா.

அதால தம்பி, 1953இல வந்த "தி-கோக்" படத்திலயிருந்து தொடங்குங்கோ. அவரே தி-கோக்கா நடிச்சிருக்கிறார், அந்த வருஷம் கனேடிய சினிமா விருதில சிறந்த படமா எடுத்தவை. மரி-ஆன்ஜா மொனிக் மில்லர்.

நிலா உமா:

மேல எழுதின ரெண்டு பேரும் அழகா எழுதியிருக்கீங்க, ஆனா நான் ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். "சிதறல் இல்லவே இல்ல"ன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. இவர் எழுதின பெரிய நாடகம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. 1948ல "தி-கோக்", 1959ல "பூசிய்யும் நீதிமான்களும்", 1966ல "நேத்து பிள்ளைங்க ஆடிட்டிருந்தாங்க", 1986ல "நார்சிஸ் மொந்தூவின் காதல்". நாலுதான். ரேடியோ, மேடை ஷோன்னு வருஷா வருஷம் எழுதித் தள்ளின கை, அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துல நாலு நாடகம்தான் எழுதியிருக்கு. அந்த இடைவெளில என்ன போச்சுன்னு கேக்கணும் இல்லையா.

போனது தியேட்டருக்கு. மான்ட்ரியல்ல சென்ட் கத்தரின் தெருவுல கெயிட்டின்னு ஒரு பழைய பர்லெஸ்க் கொட்டகை இருந்துது, டவ்ங்கற பியர் கம்பெனியோட பண உதவியோட அதை எடுத்து, புதுப்பிச்சு, 1958ல "கொமெடி கனேடியன்" ஆக்கினாரு. கனடா எழுத்தாளர்களோட நாடகத்துக்குன்னே ஒரு வீடு வேணும்னு ஆசை. ஆனா திறப்புக்குப் போட்டது பிரான்ஸ்காரர் அனூயி எழுதின நாடகம். அதை நான் குறையா சொல்லல, கையில நம்ம ஊர் நாடகம் போதுமான அளவு இல்லாத ஒரு இடத்துல வீட்டை முதல்ல கட்டினா அப்படித்தான் ஆகும். சீட்டு நிரம்பணும், கரண்ட் பில் கட்டணும், சம்பளம் கொடுக்கணும், அதுக்குப் பாட்டுக் கச்சேரிக்கும் அரங்கத்தை விடணும். நான் ஒரு சின்ன அரங்கத்துல நாலு வருஷம் கணக்கு பார்த்திருக்கேன், சாயங்காலம் ஆறு மணிக்கு டிக்கெட் எத்தனை போயிருக்குன்னு எண்ணற மனசு ராத்திரி உக்காந்து வசனம் எழுதாதுங்க, எனக்கு அது நல்லாத் தெரியும்.

அப்படி இருந்தும் அந்த வீட்டுக்குள்ளயே 1959ல "பூசிய்" வந்துது, அது இவரோட பெரிய சாதனைன்னு நான் நினைக்கறேன், "தி-கோக்"கை விட. ஒரு குடும்பத்துப் பையன் மேல கொலைக் கேஸ், கண்ணால பார்த்த சாட்சி பூசிய்ங்கற வெகுளி உறவுக்காரன், கடவுளுக்குப் பயந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன். குடும்ப மானம் போயிடக் கூடாதுன்னு, கோயிலுக்குப் போற, நல்லவங்கன்னு பேர் எடுத்த அந்தச் சொந்தக்காரங்க ஒரு ஹோட்டல் ரூம்ல வச்சு அவனை மிரட்டறாங்க. அவனுக்கு ஒரு கால் முட்டி ஏற்கெனவே சரியில்ல. அந்த முட்டியைப் பிடிச்சு முறுக்கறாங்க. முறுக்கி முறுக்கி, பொய்ச் சத்தியம் பண்ண சம்மதிக்க வைக்கறாங்க. கேஸ் ஜெயிக்குது. பூசிய் தூக்குப் போட்டுக்கறான். அந்த பூசிய்யா நடிச்சது ஜெலினாவேதான். சிரிக்க வச்சுப் பேர் வாங்கின மனுஷன், தன் ஜனங்களோட பக்திக்குள்ள இருந்த கொடுமையை அவங்க கண்ணு முன்னாடியே வச்சாரு, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்.

1966 நாடகமும் அப்படித்தான். அப்பா, மத்திய அரசாங்கத்துல மந்திரி ஆகப் போற வக்கீல். மகன், கியூபெக் தனி நாடு ஆகணும்னு குண்டு வைக்கற கூட்டத்துல. அரசியல் சண்டை சாப்பாட்டு மேஜைக்கே வந்துடுது. ஊர்ல நிஜமாவே குண்டு வெடிச்சிட்டிருந்த வருஷங்கள்ல எழுதினது இது. இதை எழுதின கை இன்னும் நாலஞ்சு எழுதியிருக்கணும்னு எனக்கு ஏக்கமா இருக்கு, அவ்வளவுதான்.

கூத்துப்பிரியன்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. மொன்றியல் அண்ணா, நீங்க எழுதினதை எங்க குழு வாட்ஸப்ல போட்டேன், ரெண்டு பேர் உடனே போன் பண்ணிட்டாங்க. உமா அக்கா சொன்னது நெஞ்சுல குத்துது, ஏன்னா எங்க குழுவுலயும் அரங்கம் பிடிக்கறது, லைட்டுக்கு ஆள் பிடிக்கறது எல்லாம் நான்தான், போன வருஷம் ஒரு பக்கம் கூட எழுதல. ஒரு சந்தேகம், அவர் இங்கிலீஷ்லயும் போயிருக்காரே, அது எப்படி ஆச்சு? நியூயார்க்ல ஓடலன்னு ஒரு வரி பார்த்தேன்.

பழைய வானொலிப்பெட்டி:

ஆமா, 1951ல "தி-கோக்" இங்கிலீஷ்ல நியூயார்க் பிராட்வே மேடைக்குப் போச்சு, சில காட்சிதான், எடுத்துட்டாங்க. எனக்கு அதைப் படிச்சப்ப ஆச்சரியமா இல்ல. விவாகரத்து கோர்ட்டுலயே கிடைக்கற ஊர்ல உக்காந்து பார்க்கறவனுக்கு, "ரெண்டு பேரும் ஏன் போய்டக் கூடாது"ன்னுதானே தோணும், நாடகத்தோட முடிச்சே அவிழ்ந்து போயிடும். மொழியை மாத்தலாம், அந்த ஜனங்க நெஞ்சுல இருந்த பயத்தை மாத்திக் கொண்டு போக முடியாது. அவர் அப்புறமும் இங்கிலீஷ் மேடையை விட்டுடல, 1956ல ஒன்டாரியோல ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவுல ஷேக்ஸ்பியரோட "அஞ்சாம் ஹென்றி" போட்டப்ப, கிறிஸ்டோஃபர் பிளம்மர் ஹென்றியா நடிக்க, பிரெஞ்சு ராஜா ஆறாம் சார்லஸா இவர். பிரெஞ்சு அரசவைக்கு கியூபெக் நடிகர்களையே கூட்டிட்டு வந்திருந்தாங்க. இங்கிலீஷ்காரன் எழுதின நாடகத்துல தோக்கற பிரெஞ்சுக்காரங்களா நிஜ பிரெஞ்சுப் பேச்சுக்காரங்க நின்னது எவ்வளவு அர்த்தமா இருந்திருக்கும்.

உமா சொன்னதுக்கும் ஒண்ணு சொல்லணும். அந்த அரங்கத்துலதான் 1958லயே மார்செல் துபேவோட "ஒரு சாதாரண சிப்பாய்" மேடையேறிச்சு. வேற எழுத்தாளர், வேற சிப்பாய், ஆனா "தி-கோக்" வெட்டின பாதைல வந்தவன். 1960ல கனடா தேசிய நாடகப் பள்ளி ஆரம்பிச்சவங்கள்ல ஜெலினாவும் ஒருத்தர். தன் நாடகம் ரெண்டு குறைஞ்சிருக்கலாம், அடுத்தவன் நாடகம் நிறைய வந்துது, அதையும் அவர் கணக்குல எழுதுங்க.

நிலா உமா:

துபேவை மறந்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனாலும் அந்த ஏக்கம் போகலை எனக்கு.

தம்பி கூத்துப்பிரியன், எழுதறது நடிக்கறது ரேடியோல பேசறது, இது மூணையும் விடாதீங்க, மூணும் ஒண்ணுக்கொண்ணு சோறு போடும். அரங்கம் பிடிக்கற வேலையை மட்டும் வேற ஒருத்தர் கைல கொடுங்க. ஜெலினா அதைக் கடைசியாத்தான் கொடுத்தாரு, 1970கள் ஆரம்பத்துல.

மொன்றியல்வாசி:

அந்தக் கட்டடம் இப்பவும் இருக்குது, தியாத்ர் து நூவோ மோந்து எண்டிற நாடகக் குழு 1972இல இருந்து அங்கதான். நான் வேலைக்குப் போற வழி. மழை நேரம் வாசல்ல ஒதுங்கி நிண்டிருக்கிறன், உள்ளுக்கதான் பூசிய்ன்ர முட்டியை முறுக்கினவை எண்டு நினைச்சா ஒரு மாதிரி இருக்கும்.

அவர் வயசு போன பிறகு நடிச்சதில ஒண்டு பாருங்கோ, 1988இல வந்த "லெ திஸ்ரான் து பூவ்வார்" எண்டிற படம். அமெரிக்காவில ரோட் ஐலண்டில துணி ஆலையில வேலை செய்து கிழவனான ஒரு கியூபெக் மனிசன், பிரெஞ்சு டிவி நிகழ்ச்சியை நிப்பாட்டிப் போட்டினம் எண்டு கோவப்பட்டு எதிர்த்து நிக்கிறார். எங்கட ஆக்களுக்கு அது உடன விளங்கும், பிள்ளையள் வீட்டில வேறை பாஷை கதைக்க நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்தானே. ரேடியோவில தன்ர பாஷையில கதைச்சு வந்த மனிசன் கடைசியில திரையில அந்தப் பாஷைக்காக நிக்கிறதைப் பாக்கேக்க எனக்குத் தொண்டை அடைச்சுது. அதுக்கு ரெண்டு வருஷம் முதல் "நார்சிஸ் மொந்தூ", அதில சோடியா நடிச்சது அவரின்ர மனிசி ஹுகெத் ஒலிஞி. வயசு போன ரெண்டு பேரின்ர காதல்.

கூத்துப்பிரியன்:

அண்ணா, முடிவு பண்ணிட்டேன், அந்த ட்ராம் கனவு இருக்கற இடத்தை தமிழ்ல சொல்லிப் பார்க்கப் போறேன், அடுத்த வாரம் எங்க குழு ஒத்திகைல வாசிக்கறதா இருக்கேன். எப்படி வாசிக்கணும்? மெதுவா, கொஞ்சம் சோகமா எடுத்தா சரியா வருமா?

மொன்றியல்வாசி:

இல்லைத் தம்பி, சோகமா வாசிக்காதேங்கோ. எங்கட ரீச்சரும் ஒரு பெடியன் அப்பிடி வாசிக்க நிப்பாட்டினவ. தி-கோக் அதைச் சொல்லேக்க சந்தோஷமாத்தான் இருக்கிறான், என்ன கிழமை, எத்தினை மணி, ஆர் கையில எந்தப் பை எண்டு எல்லாம் முடிவு செய்து வைச்சிருக்கிறான். நாளைக்கே போகப் போறவன் மாதிரி வாசியுங்கோ.